பதினோரு இழைகள்

என் கணவர் காரைக்குடியில் ஒரு சின்ன ஜவுளிக்கடையில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தார். நாலு பேர் உள்ளே வந்துவிட்டால் ஐந்தாவது ஆள் தெருவில் நிற்க வேண்டிய கடை அது. ஆனால் அதன் வியாபாரம் கடையில் நடக்கவில்லை, ஊர் ஊராக வீடுகளில் நடந்தது. செட்டியார் வீட்டுப் பெண்கள் அப்போதெல்லாம் சேலை எடுக்கக் கடைத்தெருவுக்கு வருவதில்லை. வீட்டில் கல்யாணம் என்று சொல்லி அனுப்புவார்கள். இவர் சேலைகளை வெள்ளைத் துணியில் மூட்டையாகக் கட்டிக்கொண்டு, கானாடுகாத்தானுக்கோ நேமத்தான்பட்டிக்கோ பஸ் ஏறிப் போய், அந்த வீட்டு வளவில், உள்முற்றத்தில், பிரித்து வைப்பார்.

வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். இரண்டு நாள் வீட்டுப் பெண்கள் எல்லோரும் விரித்துப் பார்ப்பார்கள், வேண்டியதை எடுத்துக்கொள்வார்கள். எத்தனை சேலை என்று எண்ணி வைக்கக் கூடாது, எண்ணினால் அந்த வீட்டையே சந்தேகப்பட்டதாகிவிடும். திரும்ப வாங்கும்போதும் அவர்கள் எதிரில் எண்ணக் கூடாது. இத்தனை வருடத்தில் ஒரு கைக்குட்டைகூடக் குறைந்ததில்லை என்று இவர் பெருமையாகச் சொல்வார். அந்தப் பெருமையில் எனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. விடிகாலை பஸ்ஸைப் பிடிப்பதற்காக முதல் நாளே சரக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிடும், மடித்துக் கொடுப்பது நான்தான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அந்தப் பெரிய கடை வந்தது. இரண்டு மாடி, வரிசையாக டியூப்லைட், கண்ணாடி அலமாரிகள். வாசலில் 'ஒரே விலை, பேரம் கிடையாது' என்று ஒரு பலகை. அதற்குக் கீழே தள்ளுபடிப் பலகை. மற்றவர்களுக்கு ஆடி மாதம் ஒன்றுதான், அந்தக் கடைக்கு வருடம் முழுக்க ஆடி. லாரி லாரியாகச் சரக்கு இறங்கியது. எங்கள் முதலாளி வாங்குகிற விலைக்கு அவர்கள் விற்றார்கள். ஒரு வருடத்துக்குள் எங்கள் வரிசையில் மூன்று கடைகள் மூடிப்போயின. அங்கே வேலை பார்த்தவர்கள் பெரிய கடை வாசலில் போய் நின்றார்கள். அவர்களை எடுக்கவில்லை, பெண்களாகப் பார்த்து எடுத்தார்கள். குறைந்த சம்பளத்துக்கு வருவோம், எதிர்த்துப் பேச மாட்டோம் என்று நினைத்திருப்பார்கள். அவர்கள் நினைத்தது தப்பவில்லை, நானும் போய்ச் சேர்ந்தேன்.

இவருடைய முதலாளி அதற்குள் பாதிச் சம்பளம்தான் கொடுத்துக்கொண்டிருந்தார். அதனால் என்மேல் கோபப்படக்கூட இவருக்கு வழியில்லாமல் போயிற்று. "போ. அங்கன நடக்குறத எங்கிட்ட சொல்ல வேண்டாம். இங்கன நடக்குறத அங்கன சொல்ல வேண்டாம்" என்று மட்டும் சொன்னார்.

அங்கே காலையில் கடை திறந்ததிலிருந்து விளக்கை அணைக்கும்வரை நிற்க வேண்டும். உட்கார ஒரு முக்காலி கிடையாது. அந்தக் கடையைக் கட்டியவருக்கு, மனிதருக்கு முழங்கால் என்று ஒன்று உண்டு என்பது மறந்துபோயிருக்க வேண்டும். வீங்கிய காலோடு சிரித்துக்கொண்டே இருக்க வேண்டும். சிரிக்காவிட்டால் மேற்பார்வையாளர் வந்து, "வீட்ல துக்கமா?" என்று கேட்பார்.

அடுத்த தை மாதத்துக்குக் கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டில் கல்யாணம் நிச்சயமானது. மூன்று தலைமுறையாக எங்கள் முதலாளியிடம் சேலை எடுக்கிற வீடு. முதலாளி இவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார், அந்தக் கல்யாணச் சேலை நம் கடையில் எடுத்தால் இன்னும் ஒரு வருடம் சேர்ந்து ஓட்டலாம், இல்லையென்றால் நீ வேறு இடம் பார்த்துக்கொள் என்று. இவர் அதை என்னிடம் சொல்லும்போது சிரித்தார். "அந்த வீட்டு ஆச்சி நம்மள விட மாட்டாக" என்றார்.

அந்த மூட்டைக்கு நான் பார்த்துப் பார்த்து மடித்தேன். அரக்கு, மாம்பழ மஞ்சள், கத்தரிப்பூ, கிளிப்பச்சை என்று பதினோரு பட்டு, அவற்றோடு சாதாரணச் சேலைகள். அரக்குச் சேலையை மேலே வைக்கச் சொன்னார். அந்த வீட்டில் மணப்பெண்ணுக்கு அரக்குதான் எடுப்பார்களாம். அது அவருக்குத் தெரியும். எந்த வீட்டில் எந்த நிறம் ஆகாது, யார் வீட்டில் போன மாதம் சாவு விழுந்தது, எல்லாம் தெரியும். இதற்கெல்லாம் தள்ளுபடிப் பலகையில் இடமில்லை.

மூட்டை போன மூன்றாம் நாள், வாசலில் ஒரு கார் வந்து நின்று, அந்த ஆச்சி இறங்கி எங்கள் பெரிய கடைக்கு வந்தார்கள். அவர்களை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, யார் என்று அப்போது தெரியாது. என் எதிரில் வந்து முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு காகிதத்தின் மேல் நூல்களைப் பரப்பினார்கள். விரல் நீளத்துக்குப் பதினோரு பட்டு இழைகள்.

"ஆத்தா, இந்த நெறத்துக்கெல்லாம் சேலை காட்டுங்க" என்றார்கள்.

பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. நான் மடித்த சேலைகளின் தலைப்பு ஓரத்திலிருந்து உருவிய இழைகள். எண்ணாமல் வைத்துவிட்டு வந்தார் இல்லையா, மரியாதைக்கு. சேலையில் ஒன்றும் குறையாது, இழை உருவியது யாருக்கும் தெரியாது.

"இந்த அரக்கு இங்க இல்லையே ஆச்சி" என்றேன்.

பின்னால் நின்ற மேற்பார்வையாளர் அலமாரியிலிருந்து ஒரு அரக்குச் சேலையை உருவி என் முன்னால் போட்டார். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்தார்.

அதன் பிறகு நான் செய்ததற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. மீதிப் பத்து இழைக்கும் நானே தேடினேன். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் இழையை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். முதலில் போட்ட அரக்கு கொஞ்சம் கறுத்திருந்தது, அதை ஒதுக்கிவிட்டு மேல் மாடியிலிருந்து சரியான அரக்கை எடுத்து வந்தேன். யாரும் அதைச் செய்யச் சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் என்று எனக்கே பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். பயந்தவள் அவ்வளவு நன்றாக விற்க மாட்டாள்.

ஆச்சி கெட்டவர்கள் இல்லை. பர்மாவில் இருந்த சொத்தெல்லாம் போன பிறகு அந்தப் பெரிய வீடுகளிலும் கை சுருங்கிவிட்டது. "அந்தத் தம்பி பாவம், சொமந்துக்கிட்டு வந்து வச்சாரு. நல்ல மனுசன்" என்று சொல்லிக்கொண்டே பதினொன்றையும் எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் மாலை இவர் மூட்டையோடு வந்தார். முதலாளியிடம் கொடுக்குமுன் வீட்டுக் கூடத்தில் பிரித்து வைத்து உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு சேலையாக ஓரத்தைத் தடவினார். அரக்கில் விரல் நின்றது.

"இழை உருவியிருக்காக" என்றார். பிறகு, "உங்க கடைக்கு வந்தாகளா?"

"நான் பாக்கலைங்க" என்றேன்.

அந்த வாரமே அவருடைய வேலை போயிற்று. இரண்டு வருடம் வீட்டில் இருந்தார். எங்கள் வரிசையில் ஒரு கடையும் மிஞ்சவில்லை. அவருடைய முதலாளியும் கடையைக் காலி செய்துவிட்டுத் தேவகோட்டைப் பக்கம் போய்விட்டார். கடைசியில் நான் மேற்பார்வையாளரிடம் கெஞ்சி, இவருக்கு எங்கள் கடை வாசலில் ஒரு வேலை வாங்கிக் கொடுத்தேன். வருகிறவர்களின் பையை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுக்கிற வேலை. எந்தெந்த வீட்டு வளவுவரை போய் வந்தாரோ, அந்தந்த வீட்டாரின் பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதைப் பார்க்காமல் இருப்பதற்காகவே நான் மேல் மாடிக்கு மாற்றல் கேட்டேன்.

அந்த ஆச்சி மறுபடி ஒருநாள் வந்தார்கள். பேத்திக்குப் பட்டுப் பாவாடை. நான்தான் எடுத்துக் கொடுத்துக் கீழே வாசல்வரை கூட வந்தேன். தள்ளுபடிப் பலகையை எடுத்து அப்போது நாலைந்து மாதம் ஆகியிருந்தது.

"இப்ப வெலையெல்லாம் ஏத்திப்புட்டாகளே. வேற எங்குட்டுப் போறது" என்றார்கள். இவரைப் பார்த்ததும் அவர்கள் முகம் மலர்ந்தது. "அட, தம்பி இங்கனதான் இருக்கீகளா. நல்லதாப் போச்சு. அன்னைக்கு எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு அந்தப் பதினோரு நூலுக்கும் சேலை பாத்துக் குடுத்தது இந்தப் பொண்ணுதான். கெட்டிக்காரி."

இவர் பையைத் தூசி தட்டி, இரண்டு கையாலும் அவர்களிடம் கொடுத்தார்.

கடை அடைத்த பிறகு வீட்டுக்கு நடந்தோம். பழைய கடை இருந்த இடம் தாண்டியதும் கேட்டார்.

"அந்த அரக்குக்குச் சரியா அமைஞ்சுச்சா?"

"அமைஞ்சுச்சு" என்றேன்.