சோடியில்லாத ஸ்பீக்கர்

2004ஆம் ஆண்டு, புரட்டாதி மழை தொடங்குவதற்கு முந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை. மல்லாவிச் சந்தியிலிருந்து உள்ளே போகும் கிறவல் வீதியில், குளத்துக்குக் கிட்ட இருந்த எங்கள் வீட்டில் நடந்தது இது. இன்றைக்கும் எங்கள் வீட்டார் இரண்டு பேர் ஒன்றாக இருந்தால் இந்தக் கதை வராமல் போகாது.

போர் நிறுத்தத்தோடு ஏ-9 பாதை திறந்து இரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. சுவிசில் இருக்கும் என் அண்ணா, கொழும்புக்கு வந்த தன் நண்பர் ஒருவர் மூலம் ஒரு பெரிய ரிவியும், டிவிடி பிளேயரும், ஹோம் தியேட்டர் செற்றும் வாங்கி எங்களுக்கு அனுப்பியிருந்தார். ஓமந்தைச் சோதனைச்சாவடியில் எல்லாப் பெட்டிகளையும் திறந்து தட்டிப் பார்த்த பிறகு, எது எதற்குள் இருந்தது என்பதே தெரியாமல் கலந்துதான் வந்து சேர்ந்தன. ரிசீவர் என்கிற கறுப்புப் பெட்டியைத் தூக்கிப் பார்த்த அப்பா, இதுக்குள்ளே அம்மிக்கல்லோ இருக்குது என்று கேட்டார். டிவிடியிலிருந்து வரும் சத்தம் அதற்குள்தான் போகும். அதுதான் எல்லா ஸ்பீக்கருக்கும் பிரித்துக் கொடுக்கும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படிப்பை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அப்பா கையெழுத்து மட்டும் போடுவார். அம்மாவுக்கு அதுவும் இல்லை. அண்ணா எட்டாம் வகுப்போடு வயலுக்குப் போனவர். நான் இடப்பெயர்வுகளுக்கு இடையில் மரத்தடிகளில் இருந்து படித்து, ஏ.எல். கணிதப் பிரிவில் சித்தியடைந்து, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியையாக இருந்தேன். இதைச் சொல்வதில் எனக்கு ஒருநாளும் கூச்சம் இருந்ததில்லை. ஆகவே செற்றோடு வந்த தடித்த ஆங்கிலப் புத்தகம் நேரே என் மடிக்கு வந்ததில் யாருக்கும் ஆச்சரியமில்லை.

முதல் நாளே அது என்னைச் சோதித்தது. எங்கள் பக்கத்துக்கு அப்போது மின்சாரம் இல்லை. இரவல் வாங்கிய ஜெனரேற்றரை மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் வைத்து இயக்கினோம். ரிசீவர் பச்சை வெளிச்சம் காட்டியது, டக்கென்று அணைந்தது, முகப்பில் 'புரொடெக்ட்' என்ற எழுத்து மின்னத் தொடங்கியது. ஜெனரேற்றர் அடித்துவிட்டது, பெட்டி எரிந்துவிட்டது என்று அப்பா தலையில் கை வைத்தார். நான் புத்தகத்தைப் புரட்டினேன். ஸ்பீக்கர் வயரின் இரண்டு முனைகளும் ஒன்றோடொன்று முட்டினால் பெட்டி தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளுமாம். பின்னால் போய்ப் பார்த்தால், ஒரு வயரின் மயிர் போன்ற செப்புக் கம்பிகள் சில பக்கத்துக் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தன. எல்லா முனைகளையும் அவிழ்த்து இறுக்கமாக முறுக்கிப் பூட்டினேன். பெட்டி உயிர்த்தது. அன்றிலிருந்து பக்கத்து வீட்டு மாமா என்னை "எஞ்சினியர் அம்மா" என்று கூப்பிடத் தொடங்கினார். கேலிதான். எனக்கு அது பிடித்திருந்தது.

அடுத்த கிழமை அண்ணாவின் கலியாண டிவிடி வந்தது. அது வரும் முன்பே சந்தியிலிருந்த தொலைபேசிக் கடைக்கு அண்ணா எடுத்து என்னோடு கதைத்திருந்தார். வரவேற்பு மண்டபத்தில் அப்பாவைப் பற்றி இரண்டு வார்த்தை கதைத்ததாகவும், அதை அப்பா கட்டாயம் கேட்க வேண்டும் என்றும் சொன்னார். என்ன கதைத்தாய் என்று கேட்டதற்கு, கேட்டால் தெரியும்தானே என்று சொல்லி வைத்துவிட்டார்.

அப்பாவிடம் நான் இதைச் சொன்ன நேரம் அவர் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். பிடி போடுவதை நிறுத்தவில்லை. பிடியைத் தட்டி இறுக்கிக்கொண்டே, "பேசிப்போட்டானோ?" என்று மட்டும் கேட்டார். ஏசிவிட்டானா என்பதுதான் அதன் பொருள்.

அந்தக் கேள்விக்குக் காரணம் இருந்தது. எட்டு வருடங்களுக்கு முன் அண்ணா ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது அப்பாவுக்கு அதில் சம்மதமில்லை. போகும் நாள் விடிய, வயலுக்குத் தண்ணீர் கட்ட வேண்டுமென்று சொல்லி மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அம்மாவும் நானும்தான் வீதிவரை போய் அண்ணாவை உழவு மெசின் பெட்டியில் ஏற்றிவிட்டோம். அதன் பிறகு தொலைபேசியில்கூட இருவரும் "சுகமோ", "ஓம், சுகம்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அப்படிப்பட்ட மகன் ஒரு மண்டபம் நிறைந்த ஆட்களுக்கு முன்னால் தன்னைப் பற்றி என்ன சொல்லியிருப்பான் என்ற பயம் அப்பாவுக்கு. அதை அவர் வாயால் சொல்லவில்லை. அந்த வாரம் முழுவதும் சாப்பாட்டில் குறை சொல்லாமல் இருந்தார், அதிலிருந்து தெரிந்துகொண்டோம்.

கலியாணம் பார்க்க அயல் எல்லாம் வருவதாக இருந்தது. விறாந்தையில் ரிவியை வைத்து, சனம் முற்றத்தில் இருப்பதென்று முடிவானது. எல்லாருக்கும் கேட்க வேண்டுமே. கோயில் திருவிழாவில் எப்படிச் செய்வார்கள்? ஒரு குழாய் ஸ்பீக்கர் கோபுரத்தில், ஒன்று சந்தியில், ஒன்று குளக்கட்டடியில் என்று பிரித்துக் கட்டுவார்கள். அதே மாதிரிச் செய்வம் என்றார் அப்பா. எனக்கும் அது சரியாகவே பட்டது. ஸ்பீக்கர்கள் ஐந்து. உயரமான சோடி ரிவிக்கு இரண்டு பக்கமும். சின்னச் சோடி முற்றத்து மாமரத்தில். மிச்சம் இருந்தது படுக்கைவாட்டில் நீண்ட ஒன்று. அதற்குச் சோடி இல்லை.

"அதை என்ர குசினிக்குள்ள கொழுவி விடு பிள்ளை," என்றார் அம்மா. "வாற சனத்துக்கு வடை சுட்டு, தேத்தண்ணி ஊத்தவே எனக்கு நேரம் போயிடும். முகத்தைப் பிறகு பாப்பம். சத்தத்தையாவது கேக்கிறன்."

எங்கள் குசினி வீட்டுக்குப் பின்னால் தனியாக இருந்த ஓலைக் கொட்டில். கூரை வழியே வயரை இழுத்து, விறகுப் பரணுக்கு மேலே அந்த ஸ்பீக்கரைக் கட்டினேன். ரிசீவரில் ஒரு சோதனைப் பொத்தான் இருந்தது. அதை அமத்தினால் ஒவ்வொரு ஸ்பீக்கராக 'புஸ்' என்று இரைந்து காட்டும். அந்த இரைச்சல் விறாந்தையில் தொடங்கி, குசினிக்குள் போய், திரும்ப விறாந்தைக்கு வந்து, பிறகு மாமரத்துக்கு ஏறிப் போனது. குசினியிலிருந்து அம்மா, பாம்போ என்று கேட்டார். ஐந்தும் வேலை செய்தன. எனக்கு அதற்கு மேல் சந்தேகம் இருக்கவில்லை.

ஞாயிறு பின்னேரம் முற்றம் நிறைந்தது. இரவல் கதிரைகள் போதாமல் பாய்களும் விரித்தோம். அப்பா முழுகி, வெள்ளை வேட்டி கட்டி, முன் வரிசை நடுக் கதிரையில் வந்து இருந்தார். ரிமோட் என் கையில். ரிசீவரில் 'சரவுண்ட்' பொத்தானை அமத்தினேன். அமத்தாவிட்டால் முன் சோடி மட்டும்தான் பாடும்.

தாலி கட்டும்வரை ஒரு குறையும் இல்லை. வீடியோக்காரர் பின்னணிக்குப் போட்டிருந்த நாதஸ்வரம் விறாந்தையிலும் மாமரத்திலும் முழங்கியது. கோயிலுக்குள் இருக்கிற மாதிரிக் கிடக்கு என்றார்கள். பிறகு வரவேற்பு மண்டபம் வந்தது. அண்ணா கோட்டுப் போட்டுக்கொண்டு எழும்பி ஒலிவாங்கியைப் பிடித்தார். அப்பா கதிரை நுனிக்கு வந்தார்.

அண்ணாவின் வாய் அசைந்தது. மெல்லிய வீணை இசை கேட்டது. குரல் இல்லை.

நான் சத்தத்தைக் கூட்டினேன். வீணைதான் பெரிதாகக் கேட்டது. இன்னும் கூட்ட, பட்டியில் நின்ற கன்று கயிற்றை இழுத்துக்கொண்டு துள்ளியது. ரிவிக்குள் சனம் கைதட்ட, அது மாமரத்திலிருந்து மழை பெய்கிற மாதிரி எங்கள் தலைகளில் விழுந்தது. அண்ணாவின் வாய் மட்டும் சத்தமில்லாமல் அசைந்துகொண்டே இருந்தது. ஒரு இடத்தில் அவர் கண்ணைத் துடைத்தார். அண்ணியும் துடைத்தார்.

"என்ன எஞ்சினியர் அம்மா," என்றார் மாமா. "சுவிசுக்குப் போய்ப் பெடியன் ஊமையாப் போட்டானோ?"

முற்றம் சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. நான் டிவிடித் தட்டை நிறுத்தி எடுத்து, தாவணித் தலைப்பால் துடைத்துத் திரும்பப் போட்டேன். பின்னால் போய் வயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன். அந்த இடத்தைத் திரும்பவும் ஓடவிட்டேன். அதே வீணை, அதே அசையும் வாய். மண்டபத்தில் குரலே பதிவாகவில்லை என்று நினைத்தேன். அப்படிச் சொல்லவும் வாயெடுத்தேன். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் சொல்ல வரவில்லை. அவர் ரிவியைப் பார்க்கவில்லை. மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் அம்மா எண்ணெய்க் கரண்டியும் கையுமாக வீட்டைச் சுற்றிக்கொண்டு முற்றத்துக்கு வந்தார். கன்னம் நனைந்திருந்தது. சனம் இருப்பதைப் பார்க்காதவர் மாதிரி நேரே அப்பாவுக்கு முன்னால் போய் நின்றார்.

"இஞ்சேருங்கோ. அண்டைக்கு நீங்கள் வயலுக்குப் போகேல்லையோ?"

அப்பா நிமிர்ந்தார்.

"குளக்கட்டில நிண்டனீங்களாம். மெசின் வளைவு திரும்புமட்டும் நிண்டனீங்களாம். எட்டு வருசமா எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே."

அப்பாவின் முகம் மாறியதை நான் கண்டேன். அந்த விஷயம் தன்னைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது என்றுதான் அவர் நினைத்திருந்தார். அம்மாவுக்கோ எனக்கோ தெரியாது.

"உனக்கு ஆர் சொன்னது?" என்றார் அப்பா.

"ஆர் சொல்லுறது? உங்கட மோன்தான். இப்பதான் சொல்லுறான், குசினிக்குள்ள. இதோட ரெண்டு தரம் சொல்லிப்போட்டான். நீங்கள் கேக்கேல்லையே?"

நான் குசினிக்கு ஓடினேன். அடுப்பில் எண்ணெய் புகைந்துகொண்டிருந்தது. விறகுப் பரணுக்கு மேலே, சோடியில்லாத அந்த ஸ்பீக்கரிலிருந்து அண்ணாவின் குரல், பக்கத்தில் நின்று கதைப்பது போலத் துல்லியமாக வந்துகொண்டிருந்தது. பேச்சின் முடிவுக்கு வந்து, வந்தவர்களுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்.

ஸ்பீக்கரைக் கழற்றி விறாந்தைக்குக் கொண்டுவருகிறேன், கொஞ்சம் பொறுங்கோ என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் பொறுக்கவில்லை. கதிரையை விட்டு எழும்பி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எல்லாருக்கும் முன்னால் குசினியைப் பார்த்து நடந்தார். சாப்பாட்டுக்குக்கூட அந்தக் கொட்டிலுக்குள் அவர் குனிந்து போனதை நான் கண்டதில்லை. அம்மா தேங்காய் துருவும் பலகையை இழுத்துப் போட்டார். அப்பா அதில் இருந்தார். அம்மா எண்ணெய்த் தாச்சியை இறக்கி, அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் குந்தினார்.

"போடு பிள்ளை," என்றார் அப்பா.

நான் விறாந்தைக்கு ஓடி அந்த இடத்தைத் திரும்ப ஓடவிட்டு, குசினி வாசலுக்கு ஓடி வந்தேன். அண்ணா கதைத்தார்.

"நான் வெளிக்கிட்ட அண்டைக்கு அப்பா வயலுக்குப் போறனெண்டு சொல்லிப்போட்டுப் போனவர். போகேல்லை. குளக்கட்டில மண்வெட்டியோட நிண்டவர். மெசின் வளைவு திரும்புமட்டும் நிண்டவர். நான் கண்டனான். நான் கண்டது அவருக்குத் தெரியாது. அப்பா, அண்டைக்குத் தூறினது. நீங்கள் சால்வையைத் தலையில போடாமல் நிண்டனீங்கள்."

அப்பா தலையை ஆட்டினார். ஓம், தூறினது என்று மெல்லச் சொன்னார், ஸ்பீக்கருக்குப் பதில் சொல்வது போல. அம்மா தன் முந்தானையை அவர் பக்கம் நீட்டினார். அவர் அதை வாங்கி முகத்தைத் துடைத்துவிட்டு, புகை என்றார். அடுப்பு அப்போது அணைந்திருந்தது.

அவர் வெளியே வந்ததும் மாமா, என்ன, வடை வெந்திட்டுதோ என்று கேட்டார். "எல்லாம் வெந்திட்டுது," என்றார் அப்பா. "இனி நீங்களும் கேளுங்கோ."

நான் அந்த ஸ்பீக்கரைக் கழற்றிக்கொண்டுவந்து ரிவிக்கு மேலே வைத்தேன். அது இருக்க வேண்டிய இடம் அதுதான். சரவுண்டில் போட்டால் ஆட்கள் கதைக்கும் குரலை ரிசீவர் பிரித்தெடுத்து அந்த ஒன்றுக்குத்தான் அனுப்பும். மற்றவற்றுக்கு இசையும் இரைச்சலும் போகும். படத்தோடு புத்தகத்தில் இருந்தது. மறுநாள் பார்த்தேன். சோடியில்லாதது மேலதிகமாக வந்தது என்று நான் எடுத்திருந்த முடிவால், முன்பு புரட்டியபோது அந்தப் பக்கத்தில் கண் நிற்கவில்லை.

வயர் கழற்றுவதைக் கண்ட அம்மா, என்ர பெட்டியை எங்க கொண்டு போறாய் என்று கேட்டுக்கொண்டே பின்னால் வந்தார். அப்பா பக்கத்துக் கதிரையிலிருந்த மாமாவை ஒரு பார்வை பார்த்தார். மாமா எழும்பிப் பாயில் போய் இருந்தார். அம்மா அந்தக் கதிரையில் இருந்து, நாலாவது தரமாக, இந்த முறை மகனின் முகத்தையும் பார்த்துக்கொண்டு கேட்டார். தேத்தண்ணீர் அன்று பிந்தித்தான் வந்தது. ஏனென்று ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்த கிழமை அண்ணா சந்திக் கடைக்குத் தொலைபேசி எடுத்தபோது அப்பாவும் என்னோடு வந்தார். சுகமோ என்று தொடங்கியவர், வயல், குளத்துத் தண்ணீர், அண்ணியின் சமையல் என்று நீட்டிக்கொண்டே போக, பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

2008இல் சண்டை திரும்ப வந்து நாங்கள் இடம்பெயர்ந்தபோது ரிவியும் ரிசீவரும் ஐந்து ஸ்பீக்கர்களும் வீட்டோடு நின்றுவிட்டன. அவற்றைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் கவலைப்பட்டுப் பேசியதில்லை. அண்ணாவின் பேச்சை அப்பா ஒரு சொல் பிசகாமல் இன்றும் சொல்வார்; தூறல் வரும் இடத்தில் சற்று நிறுத்துவார். நானோ, ஒருவர் வாய் திறந்தும் குரல் கேட்காதபோதெல்லாம், கோளாறு எங்கே என்று தேடுவதற்கு முன் அந்தக் குரல் வேறு யாருக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று எழும்பிப் போய்ப் பார்க்கப் பழகிக்கொண்டேன்.