மஞ்சளாய் எரிந்த அடுப்பு

என் மருமகள் கேஸ் அடுப்பு பழுது பார்க்கிறவள். கல்யாணமாகி வந்த மூன்றாம் நாளே என் அடுப்பைக் கழற்றித் தரையில் பரப்பிவிட்டாள். நான் கத்தினேன். அவள் சிரித்துக்கொண்டே திரும்பப் பூட்டிக் கொடுத்தாள். அது முன்னைவிட நன்றாக எரிந்தது. அவளைப் போலக் கெட்டிக்காரி கிடையாது என்று அன்றிலிருந்து சொல்லிவருகிறேன். யார் மறுத்தாலும் விடமாட்டேன்.

போன வாரம் ஒரு தொழிற்சாலைக் கேன்டீனிலிருந்து அவளைக் கூப்பிட்டார்கள். பையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். பெரிய அடுப்பு நான்கும் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தன. பாத்திரம் தேய்க்கிற பெண் ஈரக் கையோடு அழுதுகொண்டு நின்றாள்.

“நேத்து இவதான் பர்னரத் தேய்ச்சா. இன்னிக்கு நாலும் நாசம். வேலைக்கே வராதேன்னுட்டேன்” என்றார் கேன்டீன் முதலாளி.

மருமகள் ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டைத் தீக்கு மேலே பிடித்தாள். துளிக் கரி ஒட்டவில்லை.

“அடைப்பா இருந்தா தட்டு கறுத்திருக்கும் சார். அக்கா, எதப் போட்டுத் தேய்ச்சீங்க?”

“சலவைச் சோடாம்மா. பிசுக்குப் போகலையேன்னு அள்ளிப் போட்டேன்.”

“தண்ணி விட்டு அலசுனீங்களா?”

“துடைச்சேன்…”

மருமகள் பையிலிருந்த சின்ன கேஸ் டார்ச்சைப் பற்றவைத்தாள். சுத்தமான நீலத் தீ. ஈரக் கம்பியில் உப்பைத் தொட்டு அந்தத் தீயில் காட்டினாள், மஞ்சள். கழுவிவிட்டுச் சமையல் சோடாவைத் தொட்டாள், அதே மஞ்சள். சலவைச் சோடாவும் அப்படியே.

முதலாளி வாயைப் பிளந்தார். “மூணும் வேற வேற சாமானாச்சே?”

“வேறதான். ஆனா மூணுக்குள்ளயும் சோடியம் அணு இருக்கு சார். உப்புல அது குளோரினோட ஜோடி. சோடாவுல கார்பன், ஆக்சிஜன்னு கூட்டுக் குடித்தனம். யாரோட குடும்பம் நடத்துனாலும் தீயில விட்டா மஞ்சள்தான். அலசாம பர்னர்ல ஒட்டிக்கிட்ட சோடாதான் இப்படி எரியுது.”

அந்த அணுவை நான் கண்டதில்லை. மஞ்சளைக் கண்டேன், எனக்கு அது போதும்.

நான்கு பர்னரையும் மூன்று தண்ணீர் விட்டு அலசி, உலர்த்தி, மாட்டினோம். திருகியதும் நீலம் குபீரென்று எழுந்தது. எனக்குக் கைதட்டத் தோன்றியது, தட்டினேன்.

முதலாளி தலையைச் சொறிந்தார். அந்தப் பெண்ணைப் பார்த்து, “சரி சரி, நாளைக்கு நேரத்தோட வந்துடு” என்றார்.

“நாளைக்கா? இன்னிக்குக் கெடக்குற அண்டாவ யாரு தேய்ப்பா, நீங்களா?” என்றாள் அந்தப் பெண்.

கேன்டீனே சிரித்தது. அவரும்தான்.