நடித்துக் காட்டாத இரண்டு நாட்கள்

இருபத்தாறு வருடங்களாக அவர் தாமதமாகத்தான் வந்துகொண்டிருந்தார். திரையில். படப்பிடிப்புக்கு என்னவோ காலை ஆறு மணிக்கே ஆஜராகிவிடுவார். சீருடையை மாட்டி, மீசையை ஒட்டி, தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கதாநாயகன் பதினோரு பேரை அடித்து முடிக்கும்வரை ஒரு மூலையில் நிற்பார். கடைசி அடியாள் விழுந்து, எழுந்து, தூசியைத் தட்டிக்கொண்டு டீ குடிக்கப் போன பிறகு, "சார், உங்க ஜீப் ரெடி" என்று யாராவது வந்து சொல்வார்கள். இறங்குவார். "இவனை அரெஸ்ட் பண்ணுங்க" என்பார். அதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிடும்.

இப்படி நூற்று நாற்பத்து மூன்று படங்கள். அவற்றில் அவருடைய பாத்திரத்துக்குப் பெயர் வைத்த புண்ணியவான்கள் நான்கு பேர். மற்ற எல்லாவற்றிலும் இன்ஸ்பெக்டர். தெருவிலும் இன்ஸ்பெக்டர்தான். சொந்த மாமியாரே "மாப்பிள்ளை" என்று கூப்பிடுவதை நிறுத்தி வெகுகாலம் ஆகிவிட்டது. ஒருமுறை சிக்னலில் அசல் போலீஸ்காரர் ஒருவர் அவருக்கு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்துவிட்டு, பிறகு விஷயம் புரிந்து, பின்னால் வந்தவரை ஓரங்கட்டி மனதை ஆற்றிக்கொண்டார்.

அவர் நடிக்க வந்ததே ஒரு சட்டையால்தான். அப்போது இன்சூரன்ஸ் ஆபீசில் குமாஸ்தா. அங்கே படம் பிடிக்க வந்தவர்களின் இன்ஸ்பெக்டர், அதாவது அந்த வேஷக்காரர், வயிற்றுவலி என்று வரவில்லை. காஸ்ட்யூமர் ஆபீஸ் முழுவதையும் கண்ணாலேயே அளந்து, இவர் தோளில் கை வைத்தார். நடிப்பு வருமா என்று யாரும் கேட்கவில்லை. சட்டை பொருந்தியது. அன்றைக்கு லைட் இன்னும் தயாராகாததால், "வந்ததும் பேசிடாதீங்க, கொஞ்சம் இழுங்க" என்றார் இயக்குநர். இவர் வாசலில் நின்றார். மோட்டுவளையைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். வேறு பார்க்க ஒன்றும் இல்லாததால் எதிரே இருந்தவர் முகத்தைப் பார்த்து, ஒரு மூச்சு இழுத்து, "சரி... சொல்லுங்க" என்றார். தியேட்டரில் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலை வைத்தே கால் நூற்றாண்டு ஓடிவிட்டது.

ஐம்பத்தாறு வயதில் முட்டி மக்கர் பண்ணியது. நின்று நின்று தேய்ந்துவிட்டது என்றார் டாக்டர். நிற்காமல் செய்யக்கூடிய சினிமா வேலை எது என்று யோசித்தபோது, படப்பிடிப்புத் தளத்தில் நாற்காலி உள்ள ஒரே ஆள் இயக்குநர்தான் என்பது அவர் நினைவுக்கு வந்தது. கலைத்தாகம் என்று பேட்டியில் சொன்னது பிறகு.

ஆனால் கதை எழுத உட்கார்ந்ததும் ஆசை வேறு மாதிரி ஆகிவிட்டது. அக்கா, தங்கச்சி. அம்மா போன பிறகு வீடு தங்கச்சிக்கு என்று முடிவாகிறது. அக்கா தன் சாமான்களை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். இவ்வளவுதான் கதை. அடிதடி கிடையாது. பணம் போட வந்த டைல்ஸ் கடைக்காரர் இரண்டு முறை கேட்டார்.

"படத்துல போலீஸே கிடையாதா சார்?"

"ஒரு கான்ஸ்டபிள்கூடக் கிடையாது."

"அப்ப நீங்க?"

"நான் டைரக்டர்."

"அது இருக்கட்டும் சார். சும்மா கடைசியில ஒரு ஜீப்புல வந்து இறங்கி..."

"வராது."

அந்த "வராது" என்ற சொல்லைச் சொல்லி முடித்தபோது, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தனக்கென்று ஒரு வசனம் எழுதிக்கொண்ட மாதிரி இருந்தது அவருக்கு.

முப்பத்திரண்டு நாள் படப்பிடிப்பு. நாற்காலியில் அவர் உட்காரவே இல்லை. உதவி இயக்குநர் அதில் துண்டு காயப்போட்டார். காரணம், இவர் எல்லோருக்கும் நடித்துக் காட்டினார். நூற்று நாற்பத்து மூன்று படங்களில் எந்த இயக்குநரும் அவருக்கு எதையும் நடித்துக் காட்டியதில்லை. வாங்க, நில்லுங்க, போங்க. அவ்வளவுதான் அவர் பெற்ற கல்வி. தனக்குக் கிடைக்காததைத் தன் நடிகர்களுக்கு வாரி வழங்கிவிட வேண்டும் என்று அவர் நினைத்ததில் தப்பே இல்லை. அக்காவாக நடித்துக் காட்டினார். தங்கச்சியாக நடித்துக் காட்டினார். பால்காரராக, பக்கத்து வீட்டுக்காரியாக, அழுகிற குழந்தையாக. முட்டிக்கு இரண்டு பக்கமும் பட்டை கட்டிக்கொண்டு காட்டினார்.

அக்காவாக நடித்த பெண்மணி பன்னிரண்டு வருடம் டிவி சீரியலில் அழுதவர். சொன்னதைச் சொன்னபடி செய்வதில் பேர் வாங்கியவர். "நீங்க காட்டிட்டீங்கன்னா போதும் சார், அப்படியே பிடிச்சுக்குவேன்" என்றார். பிடித்தும்கொண்டார்.

எடிட்டிங் அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவரில் ஒட்டிய பஞ்சும், ஒரு பழைய சோபாவும், சத்தம் போடும் ஏசியும்தான். எடிட்டர் அம்மாள் அதிகம் பேசாதவர். மூன்று நாள் பேசாமல் வெட்டி ஒட்டினார். நாலாவது நாள் மத்தியானம் படத்தை நிறுத்திவிட்டு நாற்காலியைத் திருப்பினார்.

"சார், ஒண்ணு கேக்கலாமா? கோவிச்சுக்கக் கூடாது."

"கேளுங்க."

"இந்த அக்கா எதுக்குத் தங்கச்சிய விசாரிக்குறாங்க?"

"விசாரிக்கலையே. பாசமாப் பேசுறா."

எடிட்டர் மறுபடி ஓட்டினார். அக்கா சமையலறை வாசலில் நின்றாள். மோட்டுவளையைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். தங்கச்சி முகத்தைப் பார்த்து மூச்சு இழுத்து, "சரி... சொல்லு" என்றாள். அடுத்த காட்சியில் பால்காரர் வந்தார். வாசலில் நின்றார். மேலே பார்த்தார். கீழே பார்த்தார். பாக்கெட்டை நீட்டிய விதத்தில், கொலை நடந்த இடத்தில் கிடைத்த தடயம் மாதிரி இருந்தது பால். குழந்தைகூட அழுவதற்கு முன்னால் ஒரு தடவை மோட்டைப் பார்த்துவிட்டுத்தான் அழுதது.

இன்ஸ்பெக்டர் சோபாவில் இன்னும் கொஞ்சம் உள்ளே போனார். ஏசி கடகடத்தது.

"படத்துல வர்ற அந்த நாய் மட்டும் நல்லாப் பண்ணியிருக்கு சார்" என்றார் எடிட்டர், ஆறுதலாக. "அதுக்கு நீங்க நடிச்சுக் காட்டலையா?"

"காட்டினேன்மா. அது பாக்கல."

வீட்டுக்குப் போய்ச் சொன்னார். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார். ஆச்சரியப்பட்ட மாதிரி தெரியவில்லை.

"வீட்ல நாங்க இதைத்தானே இத்தனை வருஷமாப் பாக்குறோம், டிக்கெட் வாங்காம" என்றார். "உங்க பொண்ணு டியூஷன் முடிஞ்சு வந்தா வாசல்ல நின்னு எப்படிக் கேப்பீங்க? இப்பவும் போன் பண்ணா என்ன சொல்றா அவ? 'ஆஜராயிட்டேன் ஐயா'ங்கறா."

"அது அவ கிண்டலுக்கு."

"கிண்டல்தான். யாரு இல்லைன்னா?"

படம் முழுக்கத் தானே நடித்திருக்கிறோம் என்று அவருக்கு இப்போதுதான் விளங்கியது. போலீஸே இல்லாத படத்தில் போலீஸைத் தவிர வேறு யாருமே இல்லை. ஒரே ஒரு ஆளாவது, வேண்டாம், ஒரே ஒரு காட்சியிலாவது, தன்னைப்போல் இல்லாத மனுஷி ஒருத்தி இருந்துவிட்டால் போதும். இல்லாவிட்டால் இது நூற்று நாற்பத்து நாலாவது இன்ஸ்பெக்டர் படம். டைல்ஸ்காரரிடம் போய் நின்றார்.

"டைல்ஸ் உடைஞ்சா மாத்தித் தரலாம். படத்தை எப்படி சார் மாத்துறது?" என்று அலுத்துக்கொண்டார் அவர். பிறகு, "ரெண்டு நாள். படம் எடுத்த அந்த வீட்டோட சொந்தக்காரர் அதுக்கு மேல சாவி தர மாட்டார். ரெண்டாவது நாள் சாயங்காலம் பூட்டிக்கிட்டுப் போயிடுவார், உள்ள ஆள் இருந்தாலும்" என்றார்.

இரண்டு நாளில் முழுப் படத்தையும் எடுக்க முடியாது. அக்கா கிளம்புகிற சமையலறைக் காட்சியை மட்டும் எடுப்பது என்று முடிவாயிற்று.

முதல் நாள். இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். துண்டு ஈரமாக இருந்தது, எடுத்துப் போட்டார்.

"நான் ஒண்ணும் காட்டப் போறதில்ல. நீங்களே பண்ணுங்க."

அக்கா நடிகைக்கு முகம் வாடிவிட்டது. "ஏன் சார், நான் சரியாப் பண்ணலையா?"

"சரியாத்தான் பண்ணீங்க. அதான் பிரச்சினை."

கேமரா ஓடியது. வாசலில் நின்றாள். மேலே பார்த்தாள். கீழே பார்த்தாள். கட். மறுபடி. மேலே, கீழே. கட். பழக்கம் உடம்பில் ஏறிவிட்டது. ஏழாவது டேக்கில் அந்தப் பெண்மணி கரண்டியைக் கீழே வைத்தார்.

"செய்யச் சொன்னதைத்தானே சார் செஞ்சேன்? இப்ப அது தப்புங்கறீங்க. காட்டவும் மாட்டேங்கறீங்க. என்னதான் வேணும், வாயால சொல்லுங்க!"

நியாயமான கேள்வி. இன்ஸ்பெக்டர் சொல்லப் பார்த்தார். "அதாவது... கோவம் இருக்கு. ஆனா கோவம் இல்ல. போகணும், ஆனா..." யூனிட் முழுக்க அவர் வாயைப் பார்த்தது. இருபத்தாறு வருடங்களில் அவர் திரையில் பேசியது எல்லாம் சேர்த்து ஒரு பக்கம் வராது. கைக்கும் காலுக்கும் தெரிந்தது வாய்க்குத் தெரியவில்லை. அவரையறியாமல் எழுந்து வாசலை நோக்கி இரண்டு அடி வைத்தார். எல்லோரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். சட்டென்று திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டார். அன்றைய நாள் அதோடு முடிந்தது.

இரண்டாவது நாள் காலையும் அப்படியே போயிற்று. மத்தியானம் கேமராமேன் அவரைத் தனியே கூப்பிட்டார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க சும்மாதான் உக்காந்திருக்கீங்க. ஆனா உங்க புருவம் நடிக்குது. அவங்க ஒவ்வொரு தடவையும் உங்க மூஞ்சியப் பாத்துட்டுத்தான் பண்றாங்க."

"புருவத்தை என்னய்யா பண்றது? சிரைச்சுக்கவா?"

"வெளிய போய் உக்காருங்க சார்."

தன் படத்தின் முக்கியக் காட்சியிலிருந்து இயக்குநர் வெளியேற்றப்பட்டார். கொல்லைப்புறத்தில் துணி துவைக்கிற கல் ஒன்று இருந்தது. அதில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டார். முட்டி வலித்தது. வெயில் சுவரில் பாதிக்கு மேல் ஏறிவிட்டது. வாசல் பக்கம் வீட்டுக்காரர் பூட்டோடு வந்து நிற்பதாகத் தகவல் வந்தது.

"ஆக்‌ஷன்" என்றார், சுவரைப் பார்த்து.

காதில் வளையல் சத்தம். அலமாரிக் கதவு. டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிற சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. இந்த இடத்தில் அவர் எழுதிய வசனம் வர வேண்டும்: "இந்த வீட்டுல எனக்கு எந்தப் பங்கும் வேண்டாம்!" வரவில்லை. வசனம் மறந்துவிட்டது என்று நினைத்தார். கட் சொல்ல வாயெடுத்தார். உள்ளே ஏதோ தகரம் கிறீச்சிட்டது. ஒரு டப்பா மூடி இறுகிப்போய் வரவில்லை போலிருக்கிறது. யாரோ முக்குகிறார்கள். "சே" என்றது ஒரு குரல். மறுபடி கிறீச். அவர் கை ஹெட்போனைக் கழற்றப் போயிற்று. உள்ளே ஓடிப்போய் அந்த மூடியை எப்படித் திறக்க வேண்டும் என்று காட்டிவிட்டால் தேவலை என்றிருந்தது. கையைத் தொடைக்கு அடியில் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"இது உனக்குத் திறக்க வராதுடி" என்றது அக்காவின் குரல், அலுப்பாக. "நானே திறந்து வச்சிட்டுப் போறேன்."

டக்கென்று மூடி திறந்த சத்தம். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். தங்கச்சியாக இருக்க வேண்டும். செருப்புச் சத்தம் தள்ளிப் போனது.

நெடுநேரம் எதுவும் கேட்கவில்லை. பிறகு கேமராமேன் குரல்: "சார், கட்டாவது சொல்லுங்க சார். ஓடிக்கிட்டே இருக்கு."

படம் வந்தது. எட்டு நாள் ஓடியது. முதல் ஒன்றரை மணி நேரம் எல்லோரும் விறைப்பாக நடந்துகொண்டதைக் குடும்ப உறவுகளின் இறுக்கத்துக்கான குறியீடு என்று ஒரு விமர்சகர் எழுதினார். டைல்ஸ்காரர் அதை வெட்டி எடுத்துக் கடையில் ஒட்டினார். மற்றபடி எல்லோரும் பேசியது அந்த நாலு நிமிடச் சமையலறைக் காட்சியைப் பற்றித்தான். அதாவது அக்காவைப் பற்றி. இன்ஸ்பெக்டருக்கு அடுத்த படம் இயக்க யாரும் கூப்பிடவில்லை. நடிக்கக் கூப்பிட்டார்கள். போனார்.

ஒரு காலையில் சீருடையோடு மூலையில் நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது. அக்கா நடிகை. பெரிய படம் ஒன்றில் பெரிய வேஷம் கிடைத்திருக்கிறது. குரலில் படபடப்பு.

"சார், இந்த டைரக்டர், 'அந்தச் சமையலறை சீன்ல பண்ணீங்கள்ல, அது மாதிரியே வேணும்'ங்கறார். எனக்கு அன்னிக்கு என்ன பண்ணேன்னே ஞாபகம் இல்ல சார். படத்தைப் போட்டுப் பாத்தாலும் பிடிபடல. வீடியோ கால் போடுறேன். கொஞ்சம் நடிச்சுக் காட்டுங்களேன்."

அந்தக் காட்சியை அவர் எடிட்டிங் அறையில் நாற்பது தடவை பார்த்திருக்கிறார். அவள் தோள் எந்த இடத்தில் தளர்ந்தது, மூடியை எந்த விரலால் நெம்பினாள், கடைசியில் எந்தக் காலை முதலில் எடுத்து வைத்தாள், எல்லாம் அவருக்கு அத்துப்படி. போனைச் சுவரில் சாய்த்து வைத்தால் இரண்டு நிமிட வேலை.

"நான் பாக்கவே இல்லையேம்மா. வெளிய உக்காந்திருந்தேன்."

"அப்புறம் எடிட்டிங்ல பாத்திருப்பீங்கள்ல சார்?"

"கண்ணாடி கொண்டுபோகல."

"சரி சார்" என்றார் அந்த அம்மாள். நல்ல மனுஷர் என்று நினைத்தவர் இப்படி மாறிப்போய்விட்டாரே என்கிற வருத்தம் அந்த "சரி"யில் தெளிவாகக் கேட்டது. இனி நாலு இடத்தில் சொல்லவும் சொல்வார். சொல்லட்டும்.

போனை அணைத்து, மேக்கப்காரரிடம் கொடுத்துவிட்டு, அவர் முட்டியைத் தடவிக்கொண்டார். உள்ளே கதாநாயகன் இன்னும் ஆறாவது ஆளைத்தான் அடித்துக்கொண்டிருந்தான்.