பஸ்ஸுக்கு மழை பெய்வித்த கொட்டில்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதியில் நானும் கணவரும் ஒரு பழைய பஸ் ஓட்டினோம். ஊர்காவற்றுறையிலிருந்து வேலணைக்குப் போகும். வாடைக்காற்றோடு மழை பெய்தால் மட்டும் நடுவழியில் நின்றுவிடும். பயணிகள் சேற்றில் இறங்கித் தள்ளுவார்கள். அவர் எஞ்சினைக் கழற்றிக் கழற்றிப் பூட்டியும் பழுது பிடிபடவில்லை. அடைமழைக்குள் எஞ்சினை மூடும் பொனெற்றைத் திறந்தால் எல்லாமே நனைந்துவிடும், எதைக் கண்டுபிடிப்பது?

ஒருநாள் குசினியில் பிட்டைப் பிசைந்தபடி சொன்னார்: "இஞ்சாரும், மழைக்குள்ளை நிண்டு பஸ்ஸைப் பாக்க ஏலாது. காத்தையும் மழையையும் எங்கடை வளவுக்குக் கொண்டுவந்தால்?"

"சனம் விசரெண்டு சொல்லும்."

"இப்ப மட்டும் என்ன சொல்லுது?"

அந்தக் கோடையிலேயே வேலை தொடங்கியது. வள்ளம் கட்டும் ஓடாவியார் ஒருவர் ஆளுயரக் காற்றாடியொன்றைச் செதுக்கித் தந்தார். மூடிக்கிடந்த அரிசி ஆலையொன்றின் எஞ்சினை இரவல் வாங்கி, பெல்ற் போட்டு அதைச் சுழற்றினோம். முன்னால் பனையோலையால் நீளமான கொட்டில். முதல்நாள் காற்றாடி சுழன்ற வேகத்தில் கூரை பிய்ந்து பக்கத்து வளவில் விழுந்தது. ஓடாவியார் தலையில் கைவைத்துவிட்டார். என் கணவரோ, "காத்து வருகுதடாப்பா!" என்று துள்ளினார்.

அடுத்த முறை பலகையால் அடைத்தோம். முகப்பு காற்றாடியைப் பார்க்கும்படி பஸ்ஸை உள்ளே நிறுத்தி, துளையிட்ட மண்ணெண்ணெய்த் தகரங்களில் தண்ணீர் நிரப்பிக் காற்றாடியின் முன் தொங்கவிட்டோம். ஓடாவியார் ஆலை எஞ்சினைக் கவனித்தார், இவர் பஸ்ஸின் எஞ்சினைக் கவனித்தார், மிதிகட்டையை அழுத்த நான் சாரதியின் இருக்கையில் ஏறினேன். சாரல் முகப்பில் அடித்தது. தகரங்கள் காலியாகும்வரை பஸ் ஒருமுறைகூட இருமவில்லை. கணவரின் முகம் வாடிவிட்டது.

எனக்கு ஒன்று உறைத்தது. "திரும்பி வரேக்கை நிக்கிறேல்லையே, வேலணைக்குப் போகேக்கைதானே நிக்குது. அப்ப வாடை எந்தப் பக்கத்தாலை அடிக்குது?"

அவர் பஸ்ஸின் மறுபக்கத்துக்கு ஓடினார். "இடப்பக்கத்தாலை!"

கொட்டிலின் பக்கச் சுவரை அறுத்து, பஸ்ஸின் முகப்பைக் குறுக்காக உள்ளே தள்ளினோம். சாரல் இடப்புறம் அடித்த சிறிது நேரத்தில் எஞ்சின் இருமியது, பிறகு செத்தது. மூன்று பேரும் கைதட்டினோம்! பொனெற்றின் காற்றுப்படாத வலப்புற மூடியைத் தூக்கி அவர் எட்டிப் பார்த்தார்.

"கண்டிட்டன்! இடப்பக்க மூடியிலை சூடு போக விட்ட வெட்டுக்குள்ளாலை தண்ணி வந்து குழாயிலை ஓடி, எஞ்சினுக்குத் தீப்பொறி பிரிச்சுக் குடுக்கிற மூடியிலை சொட்டுது."

வெட்டுகளின் உட்புறம் சரிவாகத் தகரம் அடித்தார். சூடு வெளியேறும், தண்ணீர் புகாது. மறுபடி சாரல் விட்டோம். எஞ்சின் சளைக்கவில்லை.

மாரி வந்தது. முதல் வாடை மழையில் நானும் பஸ்ஸில் ஏறினேன். பஸ் எப்போதும் நின்றுபோகும் புளியங்கூடலை நெருங்கியதும் ஆண்கள் வழக்கம்போல வேட்டியை மடித்துக்கட்டினார்கள். பஸ் நிற்கவில்லை. யன்னலை மறைத்த கன்வஸ் படபடக்க, வெள்ளத்தைக் கிழித்துக்கொண்டு ஓடியது. வேலணையில் இறங்கும்போது ஒருவர் சிரித்தார்: "என்ன அண்ணை, தள்ளுறதுக்கு எங்களுக்கு வேலை தராமல் விட்டிட்டீர்!"

தை பிறந்ததும் லொறிக்காரர் ஒருவர் எங்கள் படலையில் வந்து நின்றார்.

"அக்கா, என்ரை லொறியும் மழைக்கு நிக்குது. உங்கடை கொட்டிலுக்குள்ளை ஒருக்கா விட்டுப் பாக்கலாமோ?"

"ஓம், கொண்டு வாரும்," என்றேன். "ஆனால் முதலிலை சொல்லும், காத்து எந்தப் பக்கம் அடிக்கேக்கை நிக்குது?"