லுச்செட்டா சிஞ்ஞோராவுக்குக் கண்ணூறு கழித்த கதை

செத்தல் மிளகாய் நெருப்பில் கருகும் நெடி மூக்கில் ஏறினால் மற்றவர்களுக்குத் தும்மல்தான் வரும்; எனக்கோ அதோடு மினுங்கும் வெள்ளிச் சிமிக்கிகள் தைத்த ஒரு சட்டையும், அதைப் போட்டுக்கொண்டு குசினி நடுவில் நின்று கண்ணீர் வழிய இருமிய ஓர் இத்தாலிய நட்சத்திரமும் சேர்ந்து நினைவுக்கு வந்துவிடும்.

அப்போது எனக்குப் பத்து வயது. நாங்கள் இத்தாலியின் பலெர்மோ நகரில் சீசாப் பக்கம் குடியிருந்தோம். மன்னாரிலிருந்து வந்த அம்மா, நகரின் நடுவே பொலிதேயாமாவில் தனியாக வாழ்ந்த லுச்செட்டா சிஞ்ஞோராவின் வீட்டில் வேலை செய்தார்; சிஞ்ஞோரா என்றால் அந்த ஊரில் அம்மணி. பள்ளிக்கூடம் விட்டதும் நானும் பஸ் பிடித்து அங்கேயே போய்விடுவேன். அந்த வீட்டின் நீண்ட நடையில் மாட்டியிருந்த படங்களைப் பார்த்துக்கொண்டு நடந்தாலே சிஞ்ஞோராவின் தொழில் வாழ்க்கை முழுவதும் தெரிந்துவிடும். வாசலருகே, தொலைக்காட்சியின் சனிக்கிழமை நிகழ்ச்சியில் ஒரு கூட்டத்தோடு வரிசையில் நின்று கால் தூக்கி ஆடும் பதினேழு வயதுப் பெண்; அடுத்த படத்தில் அந்த வரிசைக்கு நடுவில்; அதன்பிறகு தனியாக, ஆடிக்கொண்டே பாடுகிறவராக; சாப்பாட்டறையை நெருங்கும்போது, நாற்காலியில் உட்கார்ந்து தன்னைவிட இளையவர்களை அறிமுகப்படுத்துகிறவராக. அதற்கப்பால் குசினி வரைக்கும் வெறுஞ்சுவர். அம்மா அந்த வெறுஞ்சுவரையும் விடாமல் துடைப்பார்.

அப்படியிருக்க, ஒரு நாள் தொலைக்காட்சியிலிருந்து அழைப்பு வந்தது. பழைய முகங்களைப் பற்றிய நிகழ்ச்சியாம், வீட்டுக்கே வந்து படம் பிடிப்பார்களாம், பழைய பாட்டிலிருந்து இரண்டு வரி பாடினால் போதுமாம். முழங்காலில் சத்திரசிகிச்சை செய்த மனுஷி ஆட வேண்டாம், உட்கார்ந்தே பாடட்டும் என்றார்கள். சிஞ்ஞோரா இரண்டு கிழமை தேனும் வெந்நீரும் குடித்து, குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு பாடிப் பாடிப் பார்த்தார். இது நன்றாக அமைந்தால் மறுபடி கூப்பிடுவார்கள், அமையாவிட்டால் அவ்வளவுதான் என்று அம்மாவிடம் சொன்னாராம். அந்தப் பயம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை வரைக்கும் வந்துவிட்டது. நாங்களும் இரவில் அவருடைய தொண்டைக்காகச் செபம் சொன்னோம்.

படம் பிடிக்க வரும் நாள் மத்தியானம் சிஞ்ஞோரா சிமிக்கிச் சட்டையோடு அறையை விட்டு வந்ததும் அம்மா மலைத்துப்போனார். "இத்தாலி முழுக்கப் பாக்கப்போகுது, கண்ணூறு படாமல் விடுமே?" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே கைநிறைய உப்பும் செத்தலும் அள்ளினார். அம்மா வேதக்காரிதான், ஆனாலும் இந்த விஷயத்தில் அவர் எவருடைய பேச்சையும் கேட்கிறவரல்ல. சிஞ்ஞோராவும் மறுக்கவில்லை, அவருடைய தாயார் தட்டுத் தண்ணீரில் எண்ணெய்த் துளி விட்டுக் கண்ணூறு பார்க்கிறவராம். அம்மா மூன்று முறை சுற்றி, அடுப்பு நெருப்பில் போட்டார். குசினி சின்னது, ஜன்னலும் பூட்டியிருந்தது. அந்த நெடி ஏறியதுதான் தாமதம், மூவருக்கும் மூச்சே நின்றுவிட்டது போலிருந்தது. இருமி ஓய்ந்தபோது சிஞ்ஞோராவின் குரல் போயேபோய்விட்டது.

"இதற்கு என்ன அர்த்தம்?" என்று அவர் கரகரத்த குரலில் என்னைக் கேட்டார். நானோ பள்ளிக்கூடத்தில் மொழிபெயர்ப்புக்கு நல்ல புள்ளி வாங்குகிற பிள்ளை. கண்ணூறு பட்டிருந்தால் மிளகாய் மணக்காது, இப்படி மணந்தால் ஒருவருடைய கண்ணும் உங்கள்மேல் படவில்லை என்று அட்சரம் பிசகாமல் இத்தாலிய மொழியில் சொல்லிவிட்டேன். அம்மா கிள்ளிய கிள்ளு தாமதமாகத்தான் வந்தது.

சிஞ்ஞோரா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "உண்மைதான், இப்போது யார் என்னைப் பார்க்கிறார்கள்" என்றார். வருகிறவர்களைத் திருப்பி அனுப்பச் சொன்னார். அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மா கதவைத் திறக்கப் போகாமல் சிஞ்ஞோராவின் முன்னால் குந்தியிருந்து, தனக்குத் தெரிந்த இத்தாலியச் சொல் அத்தனையையும் திரட்டி, "வோச்சே நோ. காம்பே ஸி" என்றார். குரல் இல்லை, கால் இருக்கிறது.

அன்றைக்கு லுச்செட்டா சிஞ்ஞோரா பாடவில்லை. தன் பழைய இசைத்தட்டைப் போடச் சொல்லி, செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த நடையில் வெறுஞ்சுவரிலிருந்து பதினேழு வயதுப் படம் வரைக்கும் ஆடிக்கொண்டு போனார். முழங்கால் ஓரிடத்தில் மடங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு, அதையும் ஆட்டத்தில் ஒரு அடவாக்கிவிட்டார். படம் பிடித்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பாதிக் கண்ணீருக்குக் காரணம் எங்கள் மிளகாய்.

நிகழ்ச்சி ஒளிபரப்பான மறுநாள், சந்தையில் மீன்காரர் சிஞ்ஞோராவின் பெயரைச் சொல்லிக் கூவினாராம். வீட்டுக்கு வந்ததும் வராததுமாகச் சிஞ்ஞோரா, "இன்னொரு தரம் செய்" என்று அம்மாவின் முன்னால் நின்றார். அம்மா மூடிய கையால் சுற்றி நெருப்பில் போட்டார். படபடவென்று வெடித்தது, நெடி வரவேயில்லை. அடுப்பருகே நின்ற எனக்குத் தெரியும், அந்தக் கையில் உப்பு மட்டும்தான் இருந்தது. சிஞ்ஞோரா என்னைப் பார்த்தார். "நிறையக் கண், ஊரே பார்த்திருக்கிறது" என்று கூசாமல் மொழிபெயர்த்தேன். அவர் கைதட்டிச் சிரித்தார்.

தொலைக்காட்சியிலிருந்து பிறகு எவரும் கூப்பிடவில்லை. ஆனாலும் மாதம் தவறாமல் அவர் கண்ணூறு கழிக்கக் கேட்பார். மாதம் தவறாமல் உப்பு வெடிக்கும்.

அவர் காலமாகிச் சில வருஷங்களாகின்றன. அந்த வீட்டை இப்போது சுற்றுலாக்காரருக்கு நாள் வாடகைக்கு விடுகிறார்கள். விளம்பரப் படத்தில் பார்த்தேன்: குசினியில் நெருப்பில்லாத கண்ணாடி அடுப்பு, நடை முழுக்க வெள்ளைச் சுவர். அந்த ஆட்டம் மட்டும் போனில் கிடைக்கிறது. அம்மா இடைக்கிடை அதை என்னிடம் நீட்டி, கீழே இருக்கும் இலக்கத்தை வாசிக்கச் சொல்லுவார்.

"எத்தினை பேர் பாத்திருக்கினம், பிள்ளை?"

போன ஞாயிற்றுக்கிழமையும் வாசித்துச் சொன்னேன். முந்தின கிழமையைவிடக் கொஞ்சம் கூடியிருக்கிறது என்றேன்.

"கூடும்தானே," என்றார் அம்மா. "நான் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகமுதல் பாத்திட்டுத்தான் போறன்."