கிளியர் காப்பி

சந்திரகலா சிரித்துப் பேசுகிற ரகம் இல்லை. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் நாங்கள் வேலை பார்த்த சேலைக்கடையில் பேரம் பேச வருகிறவர்கள் அவள் முகத்தைப் பார்த்ததுமே என் பக்கம் வந்துவிடுவார்கள். திருட்டு வி.சி.டி. என்றால் அவளுக்கு ஆகவே ஆகாது. அதனால்தான் அந்தப் பள்ளி விடுமுறையில் மகன் நவீந்திரனைத் தியேட்டருக்கே அழைத்துப்போனாள். கம்ப்யூட்டருக்குள் வாழும் குட்டிப் பூதங்களும் அவற்றை வளர்க்கும் பிள்ளைகளும் வருகிற கார்ட்டூன் படம். தொண்ணூறுகளின் கடைசியில் பையன்களுக்கு அந்தப் பைத்தியம்தான் பிடித்திருந்தது. அவள் கணவர் தம்புசாமிக்கு அன்று ஜொகூருக்கு லோரி ஓட்டம். அவர் படத்துக்குப் போகவில்லை.

அடுத்த மாதமே டிங்கிக் காய்ச்சல் நவீந்திரனைக் கொண்டுபோய்விட்டது. ஒரே பிள்ளை. இதை விவரித்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

தம்புசாமி பிள்ளையின் போட்டோக்களையெல்லாம் அலமாரியில் வைத்துப் பூட்டினார். யாராவது அவன் பேச்சை எடுத்தால் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார்.

ஒருநாள் நானும் சந்திரகலாவும் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தோம். பக்கத்து வி.சி.டி. கடை டிவியில் அதே படம் ஓடியது. தியேட்டரில் யாரோ கேமராவை ஒளித்துவைத்து எடுத்த காப்பி. திரையின் கீழே வரிசையாகத் தலைகள், நடுநடுவே இருமல். ஓரிடத்தில் குட்டிப் பூதத்தின் வெளிச்சம் அணைந்து அது மறைந்துபோகிறது. அப்போது கூட்டத்திலிருந்து ஒரு பையனின் குரல்:

"அம்மா, அது செத்துப்போச்சா?"

"ஷ்ஷ்... சும்மா இருடா."

சந்திரகலா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது. எனக்கும் தெரிந்த குரல்தான். தினமும் என்னை ஆன்டி என்று கூப்பிட்ட குரல்.

அந்த டிஸ்க்கைப் பேரம் பேசாமல் வாங்கினாள். அன்றிலிருந்து தம்புசாமி வீடு திரும்புவதற்குள் தினமும் போட்டுக் கேட்பாள். "அவன் கேட்டதுக்கு ஒரு பதில்கூட சொல்லலையேக்கா. சும்மா இருன்னு அடக்கிட்டேனே" என்று என்னிடம் வந்து அழுவாள்.

"அவரு பெத்தவரு இல்லையா? அவருகிட்டயும் சொல்லேன்" என்று நான் ஒருநாள் சத்தம் போட்டேன்.

"தாங்க மாட்டாருக்கா. கொஞ்ச நாள் போகட்டும்."

எனக்குக் கோபம்தான். புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் நான் யார்?

தம்புசாமியும் கண்ணில்லாதவர் இல்லை. பிளேயரில் எப்போதும் அதே டிஸ்க் கிடப்பதைப் பார்த்திருக்கிறார். போட்டுப் பார்த்தால் தலைகளும் இருமலும். ரெண்டு நிமிஷத்தில் நிறுத்திவிட்டார். பாவம், ஆசையாய்ப் பார்க்கிறாள், நன்றாகத்தான் பார்க்கட்டுமே என்று நினைத்தார். அந்தக் காலத்தில் நல்ல காப்பி வந்ததும் கேமரா காப்பியைக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். கடைக்குக் கொண்டுபோய் மாற்றிவிட்டார்.

"இந்தா கலா, கிளியர் காப்பி. தலையும் தெரியாது, சத்தமும் இருக்காது. நல்லா உட்கார்ந்து பாரு."

பிள்ளை போன பிறகு அவர் சிரித்துப் பேசியது அன்றுதான். அடுத்த நிமிடம் சந்திரகலா போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டிலிருந்து நான் ஓடினேன். அவள் தெருவில் இறங்கி அந்த வி.சி.டி. கடைக்கு ஓட, நாங்களும் பின்னால் ஓடினோம்.

"பழசெல்லாம் உடைச்சு வீசிட்டேன்க்கா. குப்பை லோரியும் வந்து அள்ளிட்டுப் போயிடுச்சு" என்றான் கடைக்காரன். "இப்போ யாருகிட்டயும் இருக்காது லா, எல்லாரும் மாத்திட்டாங்க. ஏன், இது நல்லாத்தானே இருக்கு?"

அங்கே நின்றபடியே அவள் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். தம்புசாமி சாலையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். அவரைத் திட்ட அவளுக்கும் வாய் வரவில்லை, எனக்கும் வரவில்லை.

"பேசினானா?" என்றார். "என்ன பேசினான்? அவன் சொன்ன மாதிரியே ஒரு தடவை சொல்லிக் காட்டு, கலா."

குரலைச் சின்னதாக்கிக்கொண்டு சொல்லிப் பார்த்தாள். அது அவள் குரலாகத்தான் இருந்தது.

"இன்னொரு தடவை" என்றார் தம்புசாமி.