ரொட்டியின் மறு முனை

தினம் ஓர் ஆங்கில வார்த்தை அனுப்பும் கைபேசிச் செயலிதான் காலையில் என்னிடம் முதலில் பேசும் ஆள். பல நாள் கடைசி ஆளும் அதுவே. இன்று 'கம்பேனியன்' வந்தது. துணை என்று பொருளாம்; லத்தீனில் 'சேர்ந்து ரொட்டி தின்பவன்' என்பதிலிருந்து பிறந்ததாம். படிக்கும்போது என் கையில் சூடு ஆறாத நீள ரொட்டி.

அதன் வாசம், இப்போது மஞ்சள் சுவர் ஓட்டலாகிவிட்ட பழைய பேக்கரிக்கு என்னை இழுத்துப்போனது: சவுக்கு விறகுப் புகை, மாவு படிந்து நரைத்த சன்னல் கம்பி, மாதா கோயில் மணிக்கு முன்பே நிற்கும் வரிசை, அதில் எனக்கு முன்னால் எதிர்வீட்டு அந்துவான், பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர் மகன். இரண்டு வீட்டு ரொட்டியையும் அக்குளில் இடுக்கித் திரும்பும் வழியில், ஒவ்வொன்றிலும் மொறுமொறுப்பான ஒரு முனை அவனுக்கு, மறு முனை எனக்கு.

"ரெண்டு பக்கமும் எங்கடா?" என்பாள் அம்மா.

"மொட்டையாத்தான் சுடுறாங்க அத்தை," என்பான் அந்துவான், வாயெல்லாம் துகளோடு.

அம்மா அதை நம்பினாள் என்று நான் வெகுநாள் நம்பினேன். அவ்வளவு அறிவு எனக்கு.

அவன் குடும்பம் பிரான்சுக்குப் போன மறுநாள், நான் கொண்டுவந்த ரொட்டியில் ஒரு முனை அப்படியே இருந்தது. அம்மா பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை.

இன்றும் ஒரு முனையைத்தான் கடித்தேன். 'இந்த வார்த்தை முன்பே தெரியுமா?' என்று செயலி கேட்டது.

'தெரியும்' என்பதை அழுத்தினேன்.